வாய்க்கால் ஓரத்து நீலத் தும்பி



இந்த நேரத்தில் வழமையாக ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, பிள்ளைகளின் தொழிற்கல்வி என்று நாளாந்த வாழ்க்கைக்கு உதவும் விடயங்களைத்தான் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு ஒரு பூச்சியைப் பற்றிய பேச்சு என்று அறிவிப்பாளர் சொன்னதும் சிலர் வானொலியின் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். குறைக்காதவர்களுக்கு நன்றி. பூச்சி சிறியதுதான், ஒரு தீக்குச்சியை விடக் கொஞ்சம் கூடின நீளம் இல்லை. ஆனால் அதன் கதைக்குள்ளே தண்ணீரும் கமமும் இருக்கின்றன. வாய்க்காலை யார், எப்போது, எப்படித் துப்புரவு செய்வது என்று எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தோமே, அந்தக் கேள்வியும் இருக்கிறது.

தும்பியை அறியாத தமிழ்ப் பிள்ளை அந்தக் காலத்தில் இருந்ததில்லை. மாரி தொடங்குமுன் வளவுக்குள் கூட்டமாகப் பறக்கும். வாலில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தூக்க வைத்து விளையாடியவர்கள் இப்போது இந்த வானொலிக்கு முன்னால் பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும். தமிழகத்தில் இதைத் தட்டான் என்பார்கள். தாழப் பறந்தால் மழை என்ற நம்பிக்கை இரு கரையிலும் உண்டு. இடையில் ஒன்று சொல்ல வேண்டும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டில், வருகிற தும்பி இது அல்ல. அது தேன் தேடும் வண்டு. எங்கள் தும்பி தேன் குடிப்பதில்லை. நுளம்பையும் கொசுவையும் பிடித்துத் தின்னும்.

தும்பிகளில் இரண்டு சாதி. ஒன்று உருண்டு திரண்ட உடம்போடு, இருந்தாலும் சிறகை விரித்தபடியே இருக்கும் பெரிய தும்பி. மற்றது ஊசி போல மெலிந்த உடம்போடு, இருக்கும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஊசித்தும்பி. இரண்டுக்கும் டொச் மொழியில் பொதுப்பெயர் லிபெல்லே. இங்கே பிறந்த பிள்ளைகள் லிபெல்லே என்றால் உடனே கையைக் காட்டுவார்கள், தும்பி என்றால் முழிப்பார்கள். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது ஊசித்தும்பிகளில் ஒரேயொரு இனத்தைப் பற்றி. டொச்சில் அதற்கு 'ஹெல்ம் அசூர்யுங்பர்' என்று பெயர். ஹெல்ம் என்றால் தலைக்கவசம், அசூர் என்றால் வான்நீலம், யுங்பர் என்றால் கன்னி. ஆணின் உடம்பு நீலமும் கறுப்பும் வளையம் வளையமாக இருக்கும். வயிற்றின் இரண்டாவது கணுவில், மேற்புறத்தில், ஒரு சின்னக் கறுப்பு அடையாளம். கூர்ந்து பார்த்தால் கொம்பு வைத்த தலைக்கவசம் போலத் தெரியும். விஞ்ஞானப் பெயர் 'கோயனாக்ரியோன் மெர்க்கூரியாலே'. மேல்நாட்டுச் சோதிடர்கள் புதன் கிரகத்துக்குப் போடும் குறி இருக்கிறதல்லவா, வட்டத்துக்கு மேல் கொம்பும் கீழே சிலுவையும், அந்தக் குறியை இந்த அடையாளம் நினைவூட்டியதால் வந்த பெயர் அது. பெயரிட்டவர் தூசான் ட சார்பொன்ரியே, 1840 இல். சிலேசியாவில் சுரங்க அதிகாரியாக இருந்தவர், பூச்சிகளில் பித்து. அவருடைய தம்பி ஜோன் ட சார்பொன்ரியே இங்கே வோ மாநிலத்தில் பெக்ஸ் உப்புச் சுரங்கத்தின் பணிப்பாளராக இருந்தவர். ஒரு காலத்தில் பனிப்பாறைகள் இந்த நாடு முழுவதையும் மூடியிருந்தன என்று நிறுவ உழைத்தவர்களில் ஒருவர். அண்ணன் மூன்று சென்ரிமீற்றர்ப் பூச்சியின் முதுகைப் பார்த்தார், தம்பி மலையைப் பார்த்தார்.

இந்தத் தும்பியை நான் அறிந்தது பேர்ண் மாநிலத்தின் ஓபர்ஆர்காவ் பகுதியில். லங்கெந்தால் நகரைச் சுற்றியுள்ள வயலும் புல்வெளியும் சிற்றோடையுமான நிலம் அது. எங்கள் ஆட்கள் பலர் லங்கெந்தாலில் தொழிற்சாலை வேலை பார்த்தவர்கள், இப்போதும் பார்க்கிறவர்கள். ஆனால் அந்த ஊரின் நடைபாதைகள் ஏன் வீதியை விட அவ்வளவு உயரம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. லங்கெத்தே ஆறு பெருக்கெடுக்கும்போது வெள்ளத்தை ஊர் நடுவே வீதியால் ஓட விடுவார்கள். சனம் உயர்ந்த நடைபாதையால் போய்வரும். 1992 இல் வெள்ளத்தைத் திருப்பும் சுரங்கக் கால்வாய் கட்டி முடித்த பின்னர்தான் அந்த வழமை ஓய்ந்தது.

சுவிற்சர்லாந்தில் இந்த நீலத் தும்பிக்கு மிஞ்சியிருக்கும் மிக முக்கியமான இடம் இந்த ஓபர்ஆர்காவ். வேறு சில இடங்களிலும் இருக்கிறது, ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2002 இல் வெளிவந்த தும்பிகளின் சிவப்புப் பட்டியல், அழிவுக்கு மிக அருகில் உள்ளவை என்ற வரிசையில் இதை வைத்தது. இந்த நாட்டில் தும்பி இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்தில் உள்ளவை அல்லது ஏற்கெனவே அழிந்தவை.

அது வாழும் இடத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஏரி, அருவி என்று எதுவும் எண்ண வேண்டாம். ஒரு எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால். முழங்கால் அளவுக்கும் தண்ணீர் இராது. இருபுறமும் புல், அப்பால் சோளம் அல்லது மாடு மேயும் தரை. காரில் போகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் தும்பியின் கணக்கு வேறு. முதலில் தண்ணீர் ஓட வேண்டும், ஆனால் மெதுவாக. இரண்டாவது, மரநிழல் விழாத வெயில் வேண்டும். மூன்றாவது, தண்ணீருக்குள் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் செடி வேண்டும். இங்கே அது பெரும்பாலும் பேர்லே என்ற நீர்ச்செடி, கொத்தமல்லிக் குடும்பம். அதோடு புறுன்னன்கிறெஸ்ஸே. (பேர்லேயைக் கீரை என்று பிடுங்கிவிடாதீர்கள், அது உண்பதற்குரியதல்ல.) எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தத் தண்ணீர் மாரியில் உறையக்கூடாது.

சுவிற்சர்லாந்தில் உறையாத வாய்க்காலா என்று கேட்பீர்கள். உண்டு. மார்கழி மாதத்து விடியற்காலையில் ஊரில் கிணற்றில் அள்ளிய முதல் வாளித் தண்ணீர் கையில் படும்போது இளஞ்சூடாக இருக்குமே, அதே சங்கதிதான். நிலத்தடி நீருக்குக் கோடையும் மாரியும் பெரிதாகத் தெரியாது. இந்தச் சமவெளியில் அது ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பத்துப் பாகை வெப்பத்தில் ஊறி வருகிறது. தை மாதத்தில் சுற்றிவர வெண்பனி மூடிக் கிடக்கும்போது இந்த ஊற்று வாய்க்காலிலிருந்து மட்டும் மெல்லிய ஆவி எழும்பும். உள்ளே செடி பச்சையாக நிற்கும். அந்தச் செடிக்குள்ளேதான் தும்பியின் பிள்ளைகள் இருக்கின்றன.

வைகாசி முதல் ஆவணி வரையான நான்கு மாதங்களில்தான் சிறகுள்ள தும்பியைக் காணலாம். சிறகு முளைத்த பிறகு அதற்கு ஒன்றிரண்டு கிழமைதான் ஆயுள். மிச்ச வாழ்க்கை முழுவதும் தண்ணீருக்குள். ஆணும் பெண்ணும் சேர்ந்தபடியே வந்து நீர்ச்செடியில் இருக்கும். பெண் தன் வால்நுனியிலுள்ள கத்தி போன்ற உறுப்பால் தண்டைக் கீறி, உள்ளே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். சில வேளை உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிப் போய் வைத்துவிட்டு ஏறிவரும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு வால்நுனியில் இலை போல மூன்று செவுள்கள். பதுங்கியிருந்து, கீழுதட்டைக் கை போல நீட்டிச் சிறு பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்று வளரும். ஓராண்டு, குளிர் கூடின இடத்தில் இரண்டு ஆண்டு. பிறகு ஒரு காலைப்பொழுதில் தண்டில் ஏறி, முதுகு வெடித்துச் சிறகோடு வெளியே வரும். ஆகவே ஆடியில் தும்பி பறக்கக் காணவில்லை என்றால், அதன் காரணத்தைப் போன ஆண்டு மாரியில் அந்த வாய்க்காலுக்கு நடந்ததில்தான் தேட வேண்டும்.

இந்த வாய்க்கால்களை உண்டாக்கியவர்கள் யார்? இயற்கை பாதி, மனிதர் பாதி. 1194 இல் லுட்சேர்ன் எல்லையில் சாங்க்ட் உர்பான் மடம் தொடங்கியது. சிஸ்ரேர்சியன் சபைத் துறவிகளின் மடம். லங்கெத்தே, றோட் ஆறுகளின் நீரைத் திருப்பிப் புல்வெளிகளில் பாய விடும் முறையை இந்தப் பள்ளத்தாக்கில் பரப்பியவர்கள் அவர்கள். ஆற்றில் மரப்பலகைக் கதவு போட்டு நீரை உயர்த்தி, பெருவாய்க்கால், கிளை வாய்க்கால், அதிலிருந்து சின்னஞ்சிறு பீலி என்று பிரித்து, புல்தரையில் மெல்லியதாகப் பரவ விடுவார்கள். கலங்கிய ஆற்று நீரிலுள்ள வண்டல்தான் பசளை. வேறு எரு தேவையில்லை. இந்த நீர்ப் புல்வெளிகளுக்கு வெசர்மத்தன் என்று பெயர்.

என் தகப்பன் மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல் செய்தவர். காலபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்க்காரனுக்கு இத்தனை முழம் என்று வாய்க்காலைப் பங்கு பிரிப்பார்கள். அவரவர் பங்கை அவரவர் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். பிறகு தண்ணீர் முறை. இன்னாருக்கு இன்ன நேரம். நள்ளிரவில் மண்வெட்டியும் லாந்தருமாகப் போய்க் காவல் இருப்பார், அயலவன் மடையைத் திருப்பிவிடுவானோ என்று. லங்கெந்தால் பக்கத்திலும் அப்படியே, மணிக்கணக்கில் முறை. டொச்சில் வெசர்கேர் என்பார்கள். கேர் என்றால் முறை. அங்கேயும் இரவில் மடையைத் திருப்பினார்களா என்று என் அயலவரான வயது முதிர்ந்த கமக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு, "அதை ஏன் கேட்கிறீர்கள்" என்றார். இதுவே போதும், எனக்கு விளங்கிவிட்டது.

இந்தப் பாரம்பரிய நீர்ப்பாய்ச்சல் அறிவை 2023 மார்கழியில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுவிற்சர்லாந்தும் ஒஸ்திரியா, ஜேர்மனி, இத்தாலி உட்பட வேறு ஆறு நாடுகளும் சேர்ந்து கேட்டுப் பெற்ற அங்கீகாரம்.

தும்பி குடியிருப்பது அந்தப் புல்வெளியின் பீலிகளில் அல்ல. பாய்ச்சல் முடிந்ததும் அவை வற்றிவிடும். ஆனால் மேலே புல்வெளியில் பரவிய நீர் நிலத்துக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கூட்டுகிறது. தாழ்ந்த நிலத்தில் அந்த நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிந்து வாய்க்காலுக்கு வருகிறது. நீர் நிற்கும் தரையை வடிய வைக்கக் கமக்காரர் வெட்டிய வடிகால்களிலும் வருகிறது. தும்பி வாழ்வது இந்த வற்றாத வாய்க்கால்களில். ஆறு தன் போக்கில் புரண்டு ஓடிய காலத்தில் ஓரங்களில் ஊற்றோடைகள் தானாகவே இருந்திருக்கும். ஆற்றை நேராக்கிக் கரை கட்டிய பிறகு அவை போய்விட்டன. கமக்காரன் தன் தேவைக்கு வெட்டியது தும்பிக்குப் புகலிடமாயிற்று.

பிறகு என்ன நடந்தது? இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சுற்றிவர எதிரி, இறக்குமதி இல்லை. 1940 கார்த்திகை 15 ஆம் திகதி பிரீட்றிச் திறவுகொட் வாலன் என்ற விவசாய அறிஞர் உணவு உற்பத்தித் திட்டம் ஒன்றை முன்வைத்தார். பின்னாளில் அவர் சமஷ்டி அமைச்சராகவும் இருந்தார். வாலன் திட்டத்தால் உழவு நிலம் ஏறத்தாழ இரட்டிப்பானது. உதைபந்தாட்ட மைதானத்திலும் பூங்காவிலும் உருளைக்கிழங்கு நட்டார்கள். சதுப்பு நிலங்களை வடிய வைத்தார்கள். வாய்க்கால்களைக் கொங்கிறீற் குழாய்க்குள் விட்டு மேலே மண் மூடினார்கள். பட்டினியை நினைத்துச் செய்த வேலை. யுத்தமும் பொருளாதாரத் தடையும் பார்த்த நாங்கள் அதைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் யுத்தம் முடிந்தும் குழாய் புதைப்பது நிற்கவில்லை. உழவு யந்திரம் திரும்ப வசதியாக ஒரு நேர்கோடு வேண்டும், குறுக்கே ஓடும் வாய்க்கால் இடைஞ்சல். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தச் சமவெளி எங்கும் சிற்றோடைகள் நிலத்துக்குக் கீழே போயின. இன்று நீங்கள் காணும் பல சோளக்காணிகளின் அடியில் ஓர் ஓடை இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குழாய்க்குத் தப்பிய வாய்க்கால்களுக்கு வரும் ஆபத்து வேறு விதம். அதை நான் கண்ணால் கண்டேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. நானும் அந்த அயலவரும் ஆனி மாதத்தில் நடக்கப் போகும் ஒரு வாய்க்கால், ஏறத்தாழ முந்நூறு மீற்றர் நீளம். வெயில் ஏறிய நேரத்தில் ஒவ்வொரு பேர்லே கொத்திலும் நீலம் மினுங்கும். ஒரு கார்த்திகையில் யந்திரம் வந்தது. ஒரே நாளில் தலைப்பிலிருந்து கடைசி வரை அடிச்சேறும் செடியும் வழித்தெடுத்து, கரையைச் சீவி, பாத்தி போல அழகாக்கிவிட்டுப் போனது. வேலை செய்தவர்களில் பிழையில்லை, துப்புரவு என்றால் அப்படித்தான் என்று யாரும் நினைப்பார்கள். தண்ணீர் கண்ணாடி போல ஓடியது. அடுத்த கோடையில் நான்கு தடவை போய்ப் பார்த்தோம். நீலத் தும்பி ஒன்றையும் காணவில்லை. அந்த ஆண்டு பறக்க வேண்டியவை அனைத்தும் யந்திரத்தின் வாளியில் ஏறி, கரையில் கொட்டிய சேற்றோடு காய்ந்துபோயிருந்தன.

வேறிடத்திலிருந்து வந்து மறுபடி குடியேறாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இந்த இனத்தின் பலவீனம் இருக்கிறது. பெரிய தும்பிகளில் சில கடல் தாண்டும். எங்கள் ஊர் மாரித் தும்பிக் கூட்டத்தில் ஒரு சாதி இந்து சமுத்திரத்தையே கடப்பதாக ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஊசித்தும்பி பிறந்த வாய்க்காலை விட்டுப் போக விரும்பாதது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து இச்சின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான தும்பிகளைப் பிடித்துச் சிறகில் அடையாளமிட்டு விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் நூறு மீற்றருக்குள்ளேயே சுற்றின. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் போனவை மிக அரிது. நடுவில் ஒரு பற்றைக்காடு, ஒரு நெடுஞ்சாலை, அகலமான ஒரு சோளத்தோட்டம் இருந்தால் அதுவே இதற்கு எல்லைச் சுவர். ஆகவே ஒரு வாய்க்காலில் அழிந்தால், பக்கத்து வாய்க்காலிலும் இருந்தால் மட்டுமே திரும்பி வரும். பக்கத்து வாய்க்கால் குழாய்க்குள் என்றால் கதை முடிந்தது.

அப்படியானால் யந்திரத்தை நிறுத்தி, வேலி அடைத்து, கைவைக்காமல் விட்டுவிடலாமே? அதுவும் சரிவராது. நானும் இதை விளங்கிக்கொள்ளச் சில காலம் எடுத்தது. கைவைக்காத வாய்க்கால் நாலைந்து ஆண்டில் நாணலும் புதருமாக மூடும். பிறகு வில்லோவும் ஏர்லேயும் முளைக்கும், நிழல் விழும். நிழலில் நீர்ச்செடி மெலியும், சேறு நிரம்பும், ஓட்டம் நிற்கும். தும்பி போய்விடும். நல்லெண்ணத்தோடு கரை நெடுக மரம் நடுகிறவர்களும் இதே தீங்கைச் செய்துவிடலாம். மரம் நடுவது எல்லா இடத்திலும் புண்ணியம் என்று நாங்கள் பழகிவிட்டோம். இந்த வாய்க்காலில் அது கூடாது. இன்னொரு சிக்கல் பீபர். அழிந்துபோன அந்தப் பல்லுள்ள பிராணியை 1956 முதல் சுவிற்சர்லாந்தில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள், இப்போது நன்றாகப் பெருகியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கு. அது சிறு வாய்க்காலில் அணை கட்டினால் ஓடும் நீர் குளமாகிறது. வேறு பல உயிர்களுக்கு அது கொண்டாட்டம், இந்தத் தும்பிக்கு இடம் போய்விடும். இரண்டு பாதுகாக்கப்பட்டவை மோதும்போது எதன் பக்கம் நிற்பது என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, வாய்க்கால் வாய்க்காலாகப் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் தகப்பனின் பங்கு வாய்க்கால் முறையே இதற்கு மருந்து என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் கிட்டத்தட்ட அதுதான். மண்வெட்டிக் காலத்தில் ஒருவன் தன் துண்டை இன்றைக்கு வெட்டுவான், பக்கத்துக்காரன் இரண்டு கிழமை கழித்து வெட்டுவான், இன்னொருவன் கள்ளமாக அந்த ஆண்டு வெட்டாமலே விட்டுவிடுவான். ஆகவே எந்த நேரத்திலும் வாய்க்காலில் எங்கேயாவது ஒரு துண்டு பச்சையாக நிற்கும். இப்போது இங்கே தும்பிக்காகச் செய்யச் சொல்வதும் இதையே: முழு நீளத்தையும் ஒரே ஆண்டில் தொடாதே. ஒரு துண்டை வெட்டு, அடுத்த துண்டை விடு. அல்லது ஒரு கரைப்பக்கம் இந்த ஆண்டு, மறுகரை அடுத்த ஆண்டு. கோடையில் தொடாதே, முட்டையிட்டு முடியட்டும். கரைப் புல்லையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதே, புதிதாகச் சிறகு முளைத்த தும்பி காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்குவது அந்தப் புல்லுக்குள்தான்.

இது வெறும் ஆலோசனையாக நின்றுவிடவில்லை. 1979 இல் பேர்ண் நகரில் வைத்து ஐரோப்பிய நாடுகள் வனவுயிர்களையும் அவற்றின் வாழிடங்களையும் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. பேர்ண் உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். இந்தத் தும்பியும் அதன் பட்டியலில் உள்ளது. அந்த உடன்படிக்கையின் கீழ் அமைந்த பாதுகாப்பு இடங்களுக்கு டொச்சில் ஸ்மறாக்ட் என்று பெயர், அதாவது மரகதம். 2012 இல் சுவிற்சர்லாந்தின் 37 இடங்கள் மரகத இடங்களாக ஏற்கப்பட்டன. ஓபர்ஆர்காவ் அவற்றில் ஒன்று. அதை வேலி போட்ட சரணாலயம் என்று எண்ண வேண்டாம். உள்ளே ஊர்களும் தோட்டங்களும் மாட்டுத் தொழுவங்களும் இருக்கின்றன. கமக்காரர்களோடு இருந்து பேசி, யாருடைய காணியின் ஓரத்தில் எந்த உயிர் இருக்கிறது என்று காட்டி, அவர்கள் செய்யும் பராமரிப்புக்கு விவசாயக் கொடுப்பனவில் பணமும் கொடுத்து நடத்தும் வேலை. என் அயலவர் முதலில், "பூச்சிக்காக எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தவர். இப்போது தன் வாய்க்காலில் எந்தத் துண்டு எந்த ஆண்டில் வெட்டியது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் மாட்டைக் காட்டுமுன் தும்பியைக் காட்டுகிறார்.

இதற்கு மேல் பெரிய திட்டமும் இருக்கிறது. 2011 இல் திருத்திய நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 80 ஆண்டுகளில் 4,000 கிலோமீற்றர் நீளமான ஆறு ஓடைகளைச் சீராக்க வேண்டும். குழாய்க்குள் கிடக்கும் ஓடைகளை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும். நல்ல காரியம். ஆனால் 80 ஆண்டு என்பது ஒன்றிரண்டு கிலோமீற்றர் தாண்ட முடியாத பூச்சிக்கு மிக நீண்ட காலம். அதற்கிடையில் 2018, 2022 போன்ற வரண்ட கோடைகள் வேறு வருகின்றன. நிலத்தடி நீர் இறங்கினால் முதலில் வற்றுவது இந்தச் சின்ன வாய்க்கால்கள்தான். ஆகவே திறக்கும் ஓடையை எங்கே திறக்கிறோம் என்பது பெரிய கேள்வி. தும்பி இருக்கும் வாய்க்காலோடு தொடுத்துத் திறந்தால் அது நடந்து போவது போலப் பறந்து போய்க் குடியேறும். தொலைவில் திறந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, எங்களுக்கும் இதற்கும் என்ன? எங்களில் பலர் கெமைண்டவிடம் தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்துக் கத்தரியும் மிளகாயும் முளைக்கீரையும் வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டங்களில் பல ஓடையின் ஓரமாக இருக்கின்றன. ஓடை, வாய்க்கால், குளம் எதுவானாலும் அதன் கரையிலிருந்து மூன்று மீற்றருக்குள் பசளையும் பூச்சிமருந்தும் போடுவதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் தடை உண்டு. இது பலருக்குத் தெரியாது. பூச்சிக்கு அடிக்கும் மருந்து பூச்சியைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருப்பதும் பூச்சிதான், அதற்குத் தப்பி ஓட இடமில்லை. மருந்துத் தெளிப்பானைக் கழுவின தண்ணீரை வீதியோரத்து இரும்பு மூடிக்குள் ஊற்றினால் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று நினைப்போம். பல இடங்களில் அந்த மூடிக்குக் கீழே இருப்பது நேராக ஓடைக்குப் போகும் குழாய். பெயின்ற் தூரிகை கழுவுகிறவர்களும் கார் கழுவுகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டின புல்லையும் மரக்கறிக் கழிவையும் வாய்க்காலில் தள்ளுவதும் கூடாது. அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும்.

கெமைண்டவின் வெளிவேலைப் பிரிவிலும் தோட்ட நிறுவனங்களிலும் வேலை செய்யும் எங்கள் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். யந்திரத்தின் கைபிடி அவர்கள் கையில் இருக்கிறது. வாய்க்கால் வேலைக்கு அனுப்பினால், முழு நீளமுமா, துண்டு துண்டாகவா என்று மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கேட்டதற்காக யாரும் வேலையால் நிறுத்தமாட்டார்கள். மேலாளருக்கே தெரியாமல் இருந்தால் விசாரித்துச் சொல்வார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆனி மாதம், காற்றில்லாத வெயில் நாள், காலை பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை. ஓபர்ஆர்காவ் பக்கம் வயல்வெளிகளுக்கு ஊடாக நடைபாதைகள் உண்டு. பாதையில் நின்றபடியே வாய்க்காலைப் பார்க்கலாம், கரையில் இறங்கி மிதிக்க வேண்டாம். நூல் கட்டுகிற விளையாட்டு இங்கே கூடாது, இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம், பிடிக்கவே கூடாது. பிள்ளைகள் கைத்தொலைபேசியால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். நீலமாக இருப்பதெல்லாம் இதுவல்ல. மிகச் சாதாரணமாகக் காணும் இன்னொரு நீல ஊசித்தும்பியின் இரண்டாவது கணுவில் குதிரை லாடம் போல அடையாளம் இருக்கும். லாடம் என்றால் அதுவும் வடிவான தும்பிதான், பார்த்து மகிழுங்கள். கொம்பு வைத்த தலைக்கவசம் என்றால் இடத்தையும் திகதியையும் குறித்து, படத்தோடு நொய்சாத்தெலில் உள்ள இன்போ பவுனா நிலையத்துக்கு அனுப்புங்கள். நாடு முழுவதிலும் காணப்படும் விலங்கு பூச்சிகளின் பதிவை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். இதுவரை தெரியாத ஒரு வாய்க்காலில் அது இருப்பதை எங்கள் பிள்ளை ஒன்று கண்டு சொன்னால், அடுத்த கார்த்திகையில் யந்திரம் அங்கே வரும்போது அந்த வாய்க்கால் வரைபடத்தில் இருக்கும்.